நாலு பக்கப் பேச்சு

"நாளைக்கு நீங்களே வந்து பேசிருங்கக்கா. என்னால ஆகாது."

தெய்வாத்தாள் தான் பேச எழுதிவைத்திருந்த நாலு தாளை சஸ்மிதாவின் மடியில் வைத்தாள்.

பதினோரு வருசமாக பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டுகிறவள். துணி வெட்டும் கட்டிங் டேபிளுக்குப் போனால் கூலி ஒன்றரை மடங்கு. ஆனால் பொம்பளை கை பட்டால் துணி இழுத்துக்கொள்ளும், அளவு கெட்டுப்போகும் என்று அங்கே ஒரு சாத்திரம். நாளைக் காலை முதலாளி வருகிறார், அதைப் பற்றி முடிவு சொல்ல. இல்லை என்றுவிட்டால் சாகிற வரைக்கும் பிசிறுதான்.

சஸ்மிதா பத்தொன்பது வயசில் ஒடிசாவிலிருந்து மில் வேலைக்கு வந்தவள். இன்றைக்கு ஒன்பது கம்பெனிப் பெண்களுக்காக நியாயம் கேட்கிறவள். வயசில் தெய்வாத்தாள்தான் மூத்தவள். ஊரே சஸ்மிதாவை அக்கா என்பதால் அவளுக்கும் அக்கா.

"வந்த புதுசுல உங்களுக்குத் தமிழே தெரியாதாமா. அப்பறம் என்னத்தப் பேசி மில்லுல பொம்பளைங்க கக்கூஸைத் தொறக்க வச்சீங்க?"

"பேசவே இல்லையே."

"அப்பறம்?"

"சாவி சூப்பர்வைசர் பாக்கெட்ல. ஒரு நாளைக்கு ரெண்டு தடவைதான் தருவாரு. நான் நேரா மேனேஜர் ரூமுக்குப் போனேன். அவரு கக்கூசுக்குள்ள பூந்து தாழ் போட்டுக்கிட்டேன்."

"அட சாமி!"

"வெளிய வந்தா, இருவத்தாறு பொம்பளைங்க வரிசையில நிக்கிறாங்க. கடைசியில மேனேஜர், பாவம்."

தெய்வாத்தாள் சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தாள் ஞாபகம் வந்தது.

"படிச்சுப் பாருங்கக்கா. தப்புத் தண்டா இருந்தா..."

சஸ்மிதா படிக்கவில்லை. நாலையும் கவிழ்த்து, ஒரே தாளாக டேப் ஒட்டினாள். வெள்ளைப் பக்கம் மேலே இருந்தது. பென்சிலை நீட்டினாள்.

"உங்க பையனுக்குக் கைக்குழந்தையில நீங்களே பனியன் வெட்டித் தைச்சீங்கல்ல? அந்த அளவை இதுல வரைங்க."

"ஐயோ, பேச்சு போயிருமேக்கா!"

"கத்தரி எங்க வச்சிருக்கீங்க?"

காலையில் முதலாளி வந்தபோது கட்டிங் டேபிளைச் சுற்றிப் பெண்கள். கட்டிங் மாஸ்டர் ரங்கசாமி உள்ளே நுழைய இடமில்லாமல் ஓரமாக நின்றார். நடுவில் தெய்வாத்தாள். அவள் முன்னால் எட்டுக் குழந்தை பனியன்கள், வெட்டி அடுக்கியபடி.

"அளந்து பாருங்க மாஸ்டர்."

அவர் அளந்தார். மறுபடி அளந்தார். மூன்றாவது தடவை கண்ணாடியை மாட்டிக்கொண்டு அளந்தார்.

"இழுக்கலீங்க," என்றார், துணி தன்னை ஏமாற்றிவிட்ட மாதிரி.

துணிமேல் வைத்து வெட்டிய காகிதப் பேட்டர்னை முதலாளி கையில் எடுத்தார். பின்பக்கம் எழுத்து தெரிந்தது. திருப்பினார். நின்றபடியே படித்துக்கொண்டு போனார். ஒரு இடத்தில் படிப்பதை நிறுத்தினார்.

"கழுத்து வெட்டுன இடத்துல ரெண்டு வரி காணோம். என்னம்மா எழுதியிருந்தீங்க?"

தெய்வாத்தாள் கத்தரியை டேபிள் மேல் வைத்தாள். சொல்ல ஆரம்பித்தாள்.