கற்றாழை மடலில் எழுதிய முள்ளம்பன்றி

ஒரு குளக்கரையில் நான்கு பெரிய கற்றாழைகள் இருந்தன. அவற்றின் அடியில் ஒரு முள்ளம்பன்றி வளை தோண்டிக் குடியிருந்தது.

அதன் பக்கத்தில் யாரும் வருவதில்லை. கோபம் வந்தால் முள்ளம்பன்றி தன் முள்ளை அம்பு மாதிரி எய்துவிடும் என்று காட்டில் ஒரு பேச்சு இருந்தது. அது பொய். அதற்கு எய்யவும் தெரியாது, கோபமும் வராது. கூச்சம் மட்டும்தான் வரும். ஆனாலும் தண்ணீர் குடிக்க வந்த மிருகங்கள் எல்லாம் ஒன்பது முழம் தள்ளியே நடந்தன. ஒன்பது முழம் என்று சும்மா சொல்லவில்லை. முள்ளம்பன்றி அந்தத் தூரத்தை மூன்று தடவை அளந்து பார்த்திருந்தது.

பேச ஆள் இல்லாததால் அது எழுத ஆரம்பித்தது. தன் உடம்பிலிருந்து உதிர்ந்த முள்ளை எடுத்து, கற்றாழை மடலில் கீறி எழுதியது. கீறிய இடம் முதலில் ஈரமாகப் பளபளக்கும். மறுநாள் பழுப்பாகத் தழும்பேறிவிடும். மடல் செடியில் நிற்கும்வரை எழுத்து அழியாது. நான்கு கற்றாழைகளிலும் சேர்த்துத் தொண்ணூற்றிரண்டு மடல்கள் இருந்தன. இரண்டு வருஷத்தில் முப்பத்தேழு மடல்களில் அது கதை எழுதியது. ஒரு மடலுக்கு ஒரு கதை. படிப்பதற்குத்தான் ஒருவரும் இல்லை.

ஒரு நாள் பகலில் ஒரு பருந்து முயலைத் துரத்தியது. முயல் வேறு வழியில்லாமல் கற்றாழைப் புதருக்குள் நுழைந்துவிட்டது. பருந்து போகட்டும் என்று காத்திருந்தபோது, மூக்குக்கு நேரே இருந்த மடலை அது பார்த்தது. அதில் ஒரு தவளையின் கதை இருந்தது. தன் நிழலைப் பார்த்துப் பயந்து குளத்துக்குள் குதித்து, தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்துப் பயந்து வெளியே குதித்து, இப்படியே நாள் முழுவதும் குதித்துக்கொண்டிருந்த தவளை.

முயல் சிரித்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. முடியாமல் மண்ணில் புரண்டு சிரித்தது.

வளைக்குள் இருந்த முள்ளம்பன்றிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. முட்கள் கலகலவென்று சத்தம் போட்டன.

"ஐயோ! எய்துவிடாதே!" என்று முயல் அலறியது.

"எய்யமாட்டேன். எனக்கு எய்யத் தெரியாது" என்றது முள்ளம்பன்றி, உள்ளிருந்தபடியே. "நீ... எந்த இடத்தில் சிரித்தாய்?"

"எந்த இடத்திலா? தவளை இரண்டாவது தடவை குதித்ததே, அங்கேதான்! இதை எழுதியது நீங்களா?"

"ஆமாம்."

"அடடா! இத்தனை நாளாக இதையா ஒளித்து வைத்திருந்தீர்கள்?"

மறுநாள் மாலை முயல் தன்னோடு அணிலைக் கூட்டி வந்தது. அதற்கு அடுத்த நாள் உடும்பு வந்தது. முயல் உரக்கப் படிக்கும். மற்றவை சுற்றி உட்கார்ந்து கேட்கும். ஒரு மாதத்தில் பதினான்கு பேர் சேர்ந்துவிட்டார்கள். முதலில் ஏழு முழம் தள்ளி உட்கார்ந்தார்கள். பிறகு ஐந்து. முயல் மட்டும் மூன்று முழத்தில் உட்கார்ந்தது. முள்ளம்பன்றி வெளியே வரவில்லை. வளையின் வாயில் மூக்கை வைத்து, யார் எப்போது சிரிக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தது. அதுவே அதற்குப் போதுமாக இருந்தது.

ஒரு நாள் அங்கே ஒரு மைனா வந்தது. கதை முடியும்வரை பொறுத்திருந்தது. எல்லோரும் போன பின் வளையின் வாசலில் வந்து நின்றது.

"அண்ணே, என்ன அண்ணே இது! பதினான்கு பேர் சும்மா கேட்டுவிட்டுப் போகிறார்கள். கேட்கிறவர் ஆளுக்கொரு கிழங்கு கொண்டுவந்தால் என்ன?"

"கிழங்கா? கேட்கக் கூச்சமாக இருக்குமே."

"உங்களுக்குத்தானே கூச்சம்? எனக்கு இல்லையே! நீங்கள் எழுதுங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

அப்படித்தான் கதைத் தொழில் தொடங்கியது. யாரும் முகம் சுளிக்கவில்லை. கதை பிடித்திருந்ததால் கிழங்கோடு வந்தார்கள். முள்ளம்பன்றி இன்னும் மும்முரமாக எழுதியது. முள் தேயத் தேய அடுத்த முள்ளை எடுத்தது.

மழைக்காலம் வந்தது. ஒரு மாலை ஒன்பது பேர்தான் வந்தார்கள். மறுநாள் நான்கு பேர்.

"அண்ணே, இந்தச் சேற்றில் யார் வருவார்?" என்றது மைனா. "மடலை வெட்டி வீட்டுக்கே அனுப்பிவிடுவோம்! தூக்கிப்போக இரண்டு குரங்குகள் இருக்கின்றன. அவரவர் பொந்திலேயே படுத்தபடி படிக்கட்டும்."

"வெட்டிய மடல் எட்டு நாளில் சுருங்கிவிடுமே! எழுத்தெல்லாம் போய்விடுமே!"

"அதுதான் அண்ணே நல்லது! சுருங்கினால் இன்னொன்று கேட்பார்கள்."

முள்ளம்பன்றி மூக்கை வளைக்குள் இழுத்துக்கொண்டது.

"பதினான்கு பேர் போதும் என்று நினைக்கிறீர்களா? இந்தக் காட்டில் இருநூறு வீடு இருக்கிறது. இருநூறு வீட்டிலும் உங்கள் கதையைப் படித்துச் சிரிப்பார்கள்!"

இருநூறு வீடு! முள்ளம்பன்றி அத்தனை சிரிப்பையும் ஒன்றாகக் கேட்பதுபோல் நினைத்துப் பார்த்தது. முட்கள் கலகலத்தன. "சரி" என்றது. தன் பல்லாலேயே முதல் மடலை அடியோடு கடித்து வெட்டியது.

மைனா சொன்னது பொய் இல்லை. தொழில் ஓடியது. உடும்புக்கு ஒரு மடல், அணிலுக்கு ஒரு மடல், மலைக்கு அந்தப் பக்கம் இருந்த மான் கூட்டத்துக்கு ஆறு மடல். முயலும் ஒன்று வாங்கிக்கொண்டது. வளை நிறையக் கிழங்கு. முள்ளம்பன்றி திரும்பிப் படுக்கக்கூட இடம் இல்லை.

மழை விட்டது. சேறு காய்ந்தது. மாலையில் முள்ளம்பன்றி வளையின் வாயில் மூக்கை வைத்துக் காத்திருந்தது.

யாரும் வரவில்லை. எதற்கு வர வேண்டும்? கதைதான் வீட்டுக்கே போகிறதே!

"அண்ணே, தாமதிக்காதீர்கள்! நரி வீட்டில் இரண்டு கேட்கிறார்கள்!" என்று மைனா மட்டும் வந்து கத்தியது.

"நரி சிரித்ததா?"

"யார் பார்த்தது? கிழங்கு வந்தது."

"அணில்?"

"அணிலும் கிழங்கு அனுப்பியது, அண்ணே. எழுதுங்கள்!"

தொண்ணூற்றிரண்டு மடல் அறுபத்தொன்று ஆனது. பிறகு பதினெட்டு. மடலை இழந்த கற்றாழைகள் ஒவ்வொன்றாக வாடின. கடைசியில் ஒரே ஒரு மடல் நின்றது. முயலைச் சிரிக்க வைத்த தவளைக் கதை எழுதிய மடல் அது. அதை முள்ளம்பன்றி ஒவ்வொரு தடவையும் தள்ளித் தள்ளி வைத்திருந்தது.

"கரடிக்குக் காய்ச்சல்" என்றது மைனா. "படுத்துப் படுத்துச் சலித்துவிட்டதாம். ஒரு தேனடை தருகிறது. நான் வாக்குக் கொடுத்துவிட்டேன்."

"இது மட்டும் வேண்டாமே."

"கொடுத்த வாக்கை எப்படி அண்ணே மாற்றுவது? தொழில் என்றால் தொழில்!"

முள்ளம்பன்றி அந்த மடலை நெடுநேரம் பார்த்தது. நோயாளி கேட்கிறது. சிரித்தால் காய்ச்சலுக்கும் நல்லது. பிறகு அது வழக்கத்துக்கு மாறாக ஒன்று சொன்னது.

"இதைக் குரங்கு தூக்க வேண்டாம். நானே கொண்டுபோகிறேன்."

கதை எழுத ஆரம்பித்த நாளிலிருந்து அது வளையைவிட்டு அவ்வளவு தூரம் போனதில்லை. மடலை வாயில் கவ்வி இழுத்துக்கொண்டு, நண்பகல் வெயிலில் கரடியின் குகைக்குப் போனது.

"யாரது? முள்ளம்பன்றியா? அங்கேயே நில்!" என்று கரடி உள்ளிருந்து உறுமியது. "குட்டிகள் இருக்கும் இடம். முள் பட்டுவிடும். வாசலில் போட்டுவிட்டுப் போ!"

"இதை எழுதியது நான்தான்" என்றது முள்ளம்பன்றி, மெதுவாக.

"யார் எழுதினால் என்ன? போ, போ!"

முள்ளம்பன்றி மடலை வாசலில் வைத்தது. ஆனால் போகவில்லை. பாறைக்குப் பின்னால் ஒதுங்கி நின்றது. கரடி மடலை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது. கரடி இப்போது படிக்கும், தவளை இரண்டாவது தடவை குதிக்கும் இடம் இதோ வரும் என்று நினைத்து, அது ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தது. நூறு வரை எண்ணியது. இருநூறு வரை எண்ணியது. முந்நூற்றுப் பன்னிரண்டில் கரடி குறட்டை விட்டது.

முள்ளம்பன்றி தேனடை வாங்காமலே திரும்பியது.

குளக்கரையில் கற்றாழைகளின் மொட்டை அடிகள் நான்கு நின்றன. மைனா வந்து சுற்றிப் பார்த்தது. "மடல் இல்லையா? அப்படியானால் தொழிலும் இல்லை" என்று சொல்லிவிட்டுத் தேன் விற்கப் போய்விட்டது. போகும்போது முகம் கோணவில்லை. அதன் வேலை அது.

முள்ளம்பன்றி வளையிலிருந்த கிழங்கை வெளியே தள்ளியது. பாதி அழுகியிருந்தது. அன்றிலிருந்து அந்த மொட்டை அடிகளின் பக்கத்திலேயே இருந்தது. நாட்கள் போயின. தண்ணீருக்கு வந்தவர்கள் பழையபடி ஒன்பது முழம் தள்ளி நடந்தார்கள்.

எழுபதாவது நாள், ஓர் அடியின் வேரிலிருந்து சின்னக் கன்று ஒன்று எட்டிப் பார்த்தது. இன்னும் பல நாள் பொறுத்து அதில் ஒரு சாண் நீள மடல் ஒன்று விரிந்தது. முழுக் கதைக்கு அதில் இடம் ஏது? மூன்று சொல் எழுதலாம். முள்ளம்பன்றி நன்றாக யோசித்து, கன்றுக்கு வலிக்காமல் மேலாகக் கீறியது. பிறகு காத்திருந்தது.

ஐந்தாம் நாள் மாலை முயல் தண்ணீர் குடிக்க வந்தது. பச்சையாக ஏதோ தெரிந்ததும் கிட்டே வந்து படித்தது.

'முயல் இங்கே சிரித்தது.'

முயலின் காது இரண்டும் தாழ்ந்தன.

"இவ்வளவுதானா கதை?"

"மடல் வளர்ந்தால் மீதி எழுதுவேன். மூன்று வருஷம் ஆகும்."

முயல் அந்த மூன்று சொல்லையும் இன்னொரு தடவை படித்தது. "நான் வாங்கிப்போன மடல்... அதிலும் நல்ல கதைதான். ஆனால் பொந்தில் தனியாகப் படித்தபோது எனக்குச் சிரிப்பே வரவில்லை. யாரைப் பார்த்துச் சிரிப்பது?" என்றது.

"எனக்கும் இங்கே எண்ணுவதற்கு ஒரு சிரிப்பும் இல்லை."

"வாயால் ஒரு கதை சொல்லுங்களேன்!"

"எனக்குப் பேச வராது."

"தவளைக் கதையாவது சொல்லுங்கள். தப்பு வந்தால் நான் எடுத்துக்கொடுக்கிறேன்."

முள்ளம்பன்றி முதல் தடவையாகக் கேட்பவர் முன்னால் முழு உடம்போடும் வெளியே வந்து உட்கார்ந்தது. நிழலுக்கு முன் முகத்தைச் சொல்லிவிட்டது. தவளையை ஒரு குதி அதிகம் குதிக்க வைத்துவிட்டது.

"அங்கே இல்லை, தவளை இன்னும் தண்ணீருக்குள்தான் இருக்கிறது!" என்று முயல் திருத்தியது. திருத்திவிட்டுச் சிரித்தது.

முயல் போன பின் முள்ளம்பன்றி அளந்து பார்த்தது. முயல் உட்கார்ந்திருந்த இடம் இரண்டு முழம்.

மறுநாளும் முயல் வந்தது. அணில் வரவில்லை. உடும்பு வரவில்லை. மான்கள் வரவே இல்லை. கேட்க வந்தது ஒருவர். முள்ளம்பன்றி அந்த ஒன்றையும் சரியாக எண்ணி வைத்துக்கொண்டது.

எந்தத் துணையைத் தேடி ஒரு தொழிலைத் தொடங்கினோமோ அந்தத் துணையையே வெட்டி விற்றால், வீடு நிறையும். பக்கத்தில் உட்கார யாரும் இருக்கமாட்டார்கள்.