பத்து நம்பர் போல்ட்

போத்தனூரில் ரெஜினா என்றொரு மெக்கானிக் இருந்தாள். முன்பு பந்தயக் கார்களுக்கு வேலை பார்த்தவள். இப்போது வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் தனியாகத் தொழில் செய்தாள். அவளுக்கு வயது முப்பத்தொன்று. அவளுடைய ஒரே சீடருக்கு நாற்பத்து நான்கு.

சீடர் பெயர் சென்னியப்பன். கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர். 'குருவே' என்று அவளைக் கூப்பிட ஆரம்பித்தது கிண்டலுக்குத்தான். அவள் சொல்லிக்கொடுத்தபடி பிரேக்கைத் தானே பிரித்து மாட்டி, வண்டி நினைத்த இடத்தில் நின்ற அன்றைக்குக் கிண்டல் போய்விட்டது.

அவரிடம் இரண்டே இருக்கை உள்ள, மேலே திறந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. வீட்டு போர்ட்டிகோவில் வைத்து அதை மேலும் மேலும் லேசாக்கிக்கொண்டே வந்தார். மடக்குக் கூரை ஒன்பது கிலோ, கழற்றினார். தரைவிரிப்பு நான்கு கிலோ, உருவினார். முன்கண்ணாடியை எடுத்துவிட்டு ஒரு சாண் உயரத்துக்குப் பிளாஸ்டிக் தகடு வைத்தார். கழற்றிய ஒவ்வொன்றையும், பிறந்த குழந்தைக்கென்று வாங்கி வைத்திருந்த எடை மெஷினில் நிறுத்துப் பார்த்தார். குழந்தை இன்னும் வீட்டுக்கு வந்திருக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காரோடு வந்தார். முகம் சரியில்லை.

"குருவே, ஒரு பிரச்சினை."

"கிளட்சா?"

"பூங்கோதை."

பூங்கோதை அவர் மனைவி. பிரசவத்துக்குப் பொள்ளாச்சியில் அம்மா வீட்டுக்குப் போனவள். ஐந்தாம் மாதம் கணவன் போய்த் தாயையும் பிள்ளையையும் அழைத்து வருவது வழக்கம். வெள்ளிக்கிழமை நாள் குறித்தாயிற்று.

"இந்த வண்டில வந்தா ஏறவே மாட்டாளாம். வந்த வழியே திரும்பிப் போங்க, நான் இங்கயே இருந்துக்கறேங்கறா."

"வேற வண்டில போறது."

"அதெப்படிங்க? எம் புள்ளைக்கு முதல் சவாரி இதுலதான்னு நான் முடிவு பண்ணி வெச்சிருக்கேன்."

"புள்ள எத்தனை கிலோ?"

"ஆறே கால்." சொல்லும்போதே அவர் முகத்தில் ஒரு கழித்தல் கணக்கு ஓடியது. "கூரையவிடக் கம்மிதான்."

ரெஜினா ஸ்பேனரைத் துடைத்தாள்.

"அவ எல்லாத்துக்கும் பயப்படறா குருவே. புள்ள தூங்கினா மூக்குக்கிட்ட விரல வெச்சுப் பாக்கறா. தூங்கலைன்னா ஏன் தூங்கலைன்னு பயம். விக்கல் வந்தா டாக்டருக்குப் போன். நானும் அஞ்சு மாசமா ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. ஒருத்தர் பயத்த எப்படிங்க கழட்டறது?"

"வண்டிய நல்லா மாட்டியிருக்கீங்களா?"

"நேத்துத்தான் முன்பக்கம் முழுசும் பிரிச்சு மாட்டினேன். ஒவ்வொரு போல்ட்டும் எங் கையால முடுக்கினது."

"சாவியக் குடுங்க. நீங்க அந்தப் பக்கம் உக்காருங்க."

வாங்கிய நாளிலிருந்து சென்னியப்பன் இடது பக்கம் உட்கார்ந்ததில்லை. பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினார். அங்கே கைப்பிடி இல்லை. அதைக் கழற்றியவரும் அவரே. இருநூற்றெண்பது கிராம்.

செட்டிபாளையம் சாலையில் ரெஜினா வண்டியை விரட்டினாள். ஒரு வண்டு வந்து சென்னியப்பன் நெற்றியில் மோதியது. ஓட்டும்போது காற்றாக இருந்தது இந்தப் பக்கம் கன்னத்தில் அறையாக விழுந்தது.

இரண்டாவது வளைவு தாண்டியதும் ரெஜினா சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். ஒரு போல்ட்.

"என்னங்க இது?"

"கெளம்பறப்ப உங்க வண்டிக்கு அடில கெடந்துச்சு."

சென்னியப்பன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பத்து நம்பர் ஸ்பேனரில் முடுக்குகிற போல்ட். அந்த அளவில் முன்பக்கம் மட்டும் இருபத்தாறு உண்டு.

"எதோடது?"

"எனக்கென்ன தெரியும்? மாட்டினது நீங்க."

"வண்டிய நிறுத்துங்க."

"ஒண்ணும் ஆகாதுங்க."

"ஏதோ சத்தம் கேக்குது."

"எப்பவும் கேக்கறதுதான்."

"இல்லீங்க. இது புதுசு."

"அந்தப் பக்கம் உக்காந்தா அப்படித்தான் கேக்கும். ஒண்ணும் ஆகாது."

ஒரு மணல் லாரி உரசுவதுபோல் கடந்தது. பிடிக்க வேறு எதுவும் இல்லாததால் சென்னியப்பன் தன் முழங்கால்களையே பிடித்துக்கொண்டார்.

"குருவே, இது ஸ்டியரிங் பக்கத்துப் போல்ட்டா இருந்தா..."

"ரொம்பப் பயப்படறீங்க புரொபசர். ஒண்ணும் ஆகாது."

"நீங்க சொல்லிட்டாப் போதுமா? எங் கையிலதானுங்க போல்ட்டு இருக்குது."

ரெஜினா வண்டியைத் திருப்பினாள். கொட்டகை வந்து சேரும்வரை சென்னியப்பன் கண்ணை மூடவில்லை, இமைக்கவும் இல்லை.

காரை அன்று அவர் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. செவ்வாயும் புதனும் லீவு போட்டார். கொட்டகையிலேயே முன்பக்கத்தைப் பிரித்தார். திருப்தி வராமல் பின்பக்கத்தையும் பிரித்தார். பழைய போர்வை ஒன்றை விரித்துப் போல்ட்டுகளை வரிசையாக அடுக்கி எண்ணினார்.

அவர் காருக்கு அடியில் கிடந்தபோது போன் அடித்தது. ரெஜினா எடுத்துக் குனிந்து அவர் காதருகே பிடித்தாள்.

"ஏனுங்க, பாப்பா காலைலருந்து மூணு தடவ தும்மிட்டா," என்றாள் பூங்கோதை.

"பூங்கோதை, நானே இங்க நெஜமான பிரச்சினைல இருக்கேன். தும்மலுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது."

"என்ன பிரச்சினை?"

"ஒரு போல்ட்டு."

"ஒரு போல்ட்டுக்கா ரெண்டு நாள் லீவு?"

"உனக்குச் சொன்னாப் புரியாது," என்றார் சென்னியப்பன்.

ரெஜினா போனை அணைத்தாள்.

புதன்கிழமை மாலை எல்லாவற்றையும் திரும்ப மாட்டி முடித்தார். முழங்கை வரை கிரீஸ். அந்த ஒற்றைப் போல்ட் மட்டும் கையில் மிஞ்சியிருந்தது.

"குருவே, எல்லாம் இருக்குது. ஒண்ணுகூடக் குறையல. அப்ப இது எதோடது?"

ரெஜினா அதை வாங்கிக்கொண்டாள். கொட்டகை மூலையில் நின்ற தன் ஸ்கூட்டரிடம் போய், ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்த நம்பர் பிளேட்டில் அதை முடுக்கினாள்.

சென்னியப்பன் கொஞ்ச நேரம் அந்த நம்பரையே படித்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கலைங்க. கண்ண மூடினாச் சக்கரம் தனியா உருண்டு போகுது. பயப்பட ஒண்ணுமில்லைன்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே நீங்க?"

"சொன்னேனே," என்றாள் ரெஜினா. "மூணு தடவ சொன்னேன்."

சென்னியப்பன் வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கவில்லை. மறுநாள் காலையே பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறினார்.