தலையில் அடித்துச் சத்தியம்

கோவில்பட்டி பைபாஸ் ரோட்டில் ஆவுடையப்பன் அண்ணாச்சியின் ஹெல்மெட் கடை. சரக்கு அத்தனையும் போலி. மேலே ஒட்டிய பெரிய கம்பெனி ஸ்டிக்கர்தான் பளபளக்கும். அன்றைக்குச் சோதனைக்கு வந்த அதிகாரி ஒரு ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அண்ணாச்சிக்கு வேர்த்து ஊற்றியது.

கடையில் வேலை பார்க்கும் பேச்சித்தாயின் காதில், "ஒரிஜினல்னு சத்தியம் பண்ணு. இல்லன்னா நாளையிலருந்து கடைக்கு வராத" என்று பல்லைக் கடித்தபடி கிசுகிசுத்தார்.

பண்ணாவிட்டால் அவள் வேலை போகும். பண்ணினால் வாங்கி மாட்டுகிறவன் தலை போகும்.

பேச்சித்தாய், "பண்ணுதேன் அண்ணாச்சி. உங்க தலையில அடிச்சே பண்ணுதேன்" என்றாள். அதிகாரி கையிலிருந்த ஹெல்மெட்டை வாங்கி அண்ணாச்சி தலையில் மாட்டினாள். "வெறுங்கையால அடிச்சா சார் நம்ப மாட்டாக" என்று, ஆணி அடிக்கிற சுத்தியலை எடுத்து ஓங்கினாள்.

"இது ஒரிஜினல்னு..."

"ஏ பேச்சி, அடிச்சிராத! உடைஞ்சிரும்!"

அதிகாரி அப்போதுதான் வாய் திறந்தார். "எதுய்யா உடையும்?"

"ரெண்டுந்தான் சார்!"