கள்ளக்கடலுக்கு அடையாளம்

"அன்னைக்குக் கடல் ஏறும்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? என்ன அடையாளம் பார்த்தீங்க?"

இந்த ஒரு கேள்வியைக் கேட்பதற்காக ஆவுடையப்பன் மூன்று பஸ் மாறி, தோள்பையும் குடையுமாகச் சிலுவைத்துறையில் வந்து இறங்கியிருந்தார். அறுபத்தாறு வயது. முட்டியில் வேறு வலி.

மதலேனாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு கணம் கை நின்றது. பிறகு மணலில் கிடந்த உருளைத் தடியைக் காலால் தள்ளி, தன் சின்ன மீன்பிடி வள்ளத்தின் அடியில் கொடுத்தாள்.

"அந்தப் பக்கம் பிடிங்க, சாரே."

அவர் பையை இறக்கி வைத்துவிட்டுப் பிடித்தார். இரண்டு பேருமாகத் தள்ளினார்கள். வள்ளம் ஒரு முழம் நகர்ந்தது. பின்னால் வெளிவந்த தடியை அவள் எடுத்து முன்னால் போட்டாள். மறுபடி ஒரு முழம். அரை மணி நேரத்தில் வள்ளம் கரைமேட்டுக்கு வந்து சேர்ந்தது. ஆவுடையப்பன் வந்து சேர்ந்தாரா என்றால், பாதிதான் சேர்ந்தார். மீதி மூச்சு கீழேயே கிடந்தது.

நாளைக்கும் வாங்க என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

கேள்வி கேட்ட இடத்திலேயே நின்றது.

*

ஆவுடையப்பன் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

பேரைச் சொன்னால் ஒருத்தருக்கும் தெரியாது. குரலைக் கேட்டால் தென்கரை முழுக்கத் தெரியும். இருபத்தெட்டு வருஷம், தினமும் மாலை ஐந்தரை மணிக்கு, ரேடியோவில் மீனவர்களுக்கான கடல் வானிலை வாசித்தவர்.

நல்ல குரல். அதில் மனுஷனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. வானிலை ஆபீஸிலிருந்து வரும் தாளில் நாலே நாலு விஷயம்தான் இருக்கும். காற்று எந்தத் திசை, எவ்வளவு வேகம், அலை எத்தனை மீட்டர், கடல் எப்படி. அதைக் கல்யாணப் பத்திரிகை வாசிக்கிற மாதிரி வாசிப்பார். "கடல் அமைதியாகக் காணப்படும்" என்ற வரிக்கு மட்டும் குரலைக் கொஞ்சம் இறக்குவார். அதைப் பாராட்டி நேயர் கடிதமெல்லாம் வந்திருக்கிறது. இத்தனைக்கும் அவர் கடலில் கால் நனைத்தது ஒரே ஒரு தடவை, குடும்பத்தோடு கன்னியாகுமரிக்கு டூர் போனபோது. அதுவும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாதம், அந்த வரியை வழக்கம்போல வாசித்தார். வாசித்து ஒரு மணி நேரம் ஆகவில்லை. சிலுவைத்துறையில் கடல் ஏறியது.

காற்றில்லை. மேகமில்லை. தெற்கே எங்கோ கண்காணாத தூரத்தில் அடித்த புயலின் அலை, பல நாள் பயணம் பண்ணி வந்து, வெயில் காய்கிற கரையில் சொல்லாமல் கொள்ளாமல் ஏறும். பங்குனி, சித்திரை, வைகாசியில் வரும். இந்தக் கரையில் அதற்குக் கள்ளக்கடல் என்று பேர். அன்றைக்குக் கீழே நின்ற வள்ளமெல்லாம் ஒன்றோடொன்று மோதி நொறுங்கியது. ஓர் ஆளும் போனார். பேர் ததேயு. மணலில் உட்கார்ந்து கிழிந்த வலையை முடிந்துகொண்டிருந்தவர்.

மறுநாள் பேப்பரில் போட்டோ வந்தது. சுருண்டு கிடக்கிற வலை. அதற்குப் பக்கத்தில், மணலில் பாதி புதைந்த ஒரு சின்ன ரேடியோ.

ஆவுடையப்பன் அந்தப் போட்டோவை வெட்டி எடுத்து வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் ஏழு வருஷம் வேலை பார்த்தார். அந்த வரி வருகிற நாளெல்லாம் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டே வாசித்தார். வெளியே ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை.

ரிட்டயர்டு ஆகி எட்டு வருஷம் கழித்துத்தான் ஒரு சேதி காதில் விழுந்தது. அன்றைக்கு ஒரே ஒரு வள்ளம் தப்பித்ததாம். கடல் ஏறுவதற்கு முன்பே அதை மேட்டுக்கு இழுத்துப் போட்டாளாம் ஒருத்தி. அவள் ததேயுவின் மனைவியாம். கடலைப் பார்த்தே சொல்லிவிடுவாளாம். இன்றைக்கும் பையன்கள் இஞ்சினை மாட்டுவதற்கு முன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போகிறார்களாம்.

அப்படியானால் அடையாளம் என்று ஒன்று இருந்திருக்கிறது. இருந்தால், அவர் வாசித்தது பொய். ஓர் ஆளை நம்பவைத்துக் கரையில் உட்கார்த்தி வைத்த பொய். அடையாளமே இல்லையென்றால், மிச்சமிருக்கிற காலத்துக்காவது நிம்மதியாகத் தூங்கலாம்.

அதைத் தெரிந்துகொள்ளத்தான் மதலேனாளைத் தேடி வந்தார். வந்தவர், தான் யார் என்று மட்டும் அவளிடம் சொல்லவில்லை. வாய் வரவில்லை.

*

மாதா கோயில் வளாகத்தில் ஓர் அறை கிடைத்தது. மறுநாள் காலையில் டீக்கடையில் போய் நின்று, சர்க்கரை கொஞ்சம் கம்மியா என்றார். அவ்வளவுதான் சொன்னார். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

"சாரே, நீங்க ரேடியோல்லா?"

பிறகென்ன, கூட்டம் கூடிவிட்டது. ஐந்தரை ஆனால் இந்தக் குரல் ஒரு வீடு விடாமல் கேட்குமாம். தெருவின் இந்தக் கோடியில் நடக்க ஆரம்பித்தால் அந்தக் கோடி போவதற்குள் முழு வானிலையையும் கேட்டு முடித்துவிடலாமாம். "வணக்கம்" என்று அவர் சொன்னதும் அடுப்பு மூட்டுவாள் தன் அம்மா என்றாள் ஒருத்தி. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இல்லாத நேரம் அவர் மாதிரியே வாசித்து அடி வாங்கியதை ஒரு நரைத்த தலைக்காரர் வாசித்தே காட்டினார். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே வாசித்தார். எல்லாரும் சிரித்தார்கள்.

ஆவுடையப்பனும் சிரித்தார். அந்தக் கண்ணாடி அறை, தலைக்கு மேல் எரியும் சிவப்பு விளக்கு, ஒற்றை மைக், கையில் ஒற்றைத் தாள், எல்லாம் கண்ணுக்குள் வந்துவிட்டது. அந்த அறையில் தனியாக உட்கார்ந்து பேசியபோது மறுபக்கம் இத்தனை அடுப்பு எரிந்திருக்கிறது. அந்த நாட்கள் திரும்பி வராதா என்று ஏங்கினார். ததேயுவைப் பற்றி யாராவது பேச்செடுத்துவிடுவார்களோ என்று உள்ளுக்குள் பயந்துகொண்டும் இருந்தார்.

யாரும் எடுக்கவில்லை. டீக்கடைச் சேதி எட்டியிருந்தும் மதலேனாளும் எடுக்கவில்லை.

*

தினமும் சாயங்காலம் வள்ளம் இழுக்கிற வேலை.

மதலேனாளின் கொழுந்தன் விடியற்காலையில் வள்ளத்தைக் கொண்டுபோவான். மதியத்துக்குள் திரும்பி, எல்லாரையும் போலத் தண்ணீர் ஓரத்தில் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவான். கடல் தட்டில் ஊற்றிய கஞ்சி மாதிரி கிடக்கும். இந்தக் கடலுக்குப் பயந்து மேட்டுக்கு இழுக்கிறவர்கள் அந்தக் கரையில் இரண்டே பேர். ஒருத்தி மதலேனாள். இன்னொருத்தர் முட்டி வலிக்காரர்.

அக்கா உங்களையும் மாட்டிவிட்டுட்டாளா என்று பையன்கள் கேலி பண்ணினார்கள்.

ஆவுடையப்பன் ஒரு நோட்டு வாங்கினார். அலைக்கும் அலைக்கும் நடுவே எத்தனை மூச்சு என்று எண்ணி எழுதினார். காற்று எந்நேரம் திரும்புகிறது, தண்ணீர் எந்த நிறம், பௌர்ணமிக்கு வெள்ளம் எந்தப் பாறை வரைக்கும் ஏறுகிறது, அமாவாசைக்கு எவ்வளவு வற்றுகிறது, நண்டு வளை எங்கே தோண்டுகிறது, ஒன்று விடவில்லை. எழுதியதைத் தினமும் அவளிடம் வாசித்தும் காட்டுவார்.

"இன்னைக்கு அலை இடைவெளி கூடியிருக்கே. இதுதானா அடையாளம்?"

"தடியை எடுத்து முன்னால போடுங்க."

போடுவார்.

இருபதாம் நாள் எல்லார் போனிலும் எச்சரிக்கை வந்தது. கள்ளக்கடல் வரும், படகுகளைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோங்கள், கரையில் நிற்காதீர்கள். இப்போது அதற்கும் கருவி வந்துவிட்டது. ஊரே திரண்டு ஒரே சத்தமாக எல்லா வள்ளத்தையும் மேலே இழுத்தது. இரண்டு நாள் யாரும் தொழிலுக்குப் போகவில்லை.

கடல் ஏறவில்லை.

மூன்றாம் நாள் பையன்கள் போனைத் திட்டிக்கொண்டே வள்ளங்களைக் கீழே இறக்கினார்கள். மதலேனாளிடம் போய் முறையிட்டார்கள். வரலைன்னா நல்லதுதானடா என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அன்று மதியம் எல்லா வள்ளமும் மறுபடி தண்ணீர் ஓரத்தில் நின்றன. சாயங்காலம் அவள் தடியைக் காலால் தள்ளினாள்.

ஆவுடையப்பன் பிடிக்கவில்லை. நின்றார்.

"நீங்க தினமும் இழுக்குறீங்க."

"பங்குனி பொறந்தா இழுப்பேன். மழைக்காலம் வர்ற வரைக்கும்."

"எத்தனை வருஷமா?"

"பதினஞ்சு."

அவர் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். காய்த்துப் போயிருந்தது.

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி என்னத்துக்கு இழுக்கணும்?"

"அப்போ அன்னைக்கு மட்டும் எப்படிம்மா..."

"அடிப்பலகை ஒழுகிச்சு. தார் பூசணும்னு நானும் அவருமா இழுத்துப் போட்டோம்."

"கடலைப் பார்த்து இல்லையா?"

"கடலை யாரு பார்த்தா? ஒழுகலைத்தான் பார்த்தோம்."

ஆரம்பத்தில் எல்லாரிடமும் இதைச் சொல்லிப் பார்த்ததாகச் சொன்னாள். ஒருத்தரும் காதில் வாங்கவில்லையாம். ஆள் போன வீடு, ஏதாவது ஒரு பெருமையாவது அதற்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஊர் நினைத்திருக்கும் என்றாள். அப்புறம் அவளும் விட்டுவிட்டாள். கேட்கிற பையன்களிடம் பார்த்துப் போங்கடா என்பாளாம். வேறு ஒன்றும் சொல்லத் தெரியாது.

ஆக, அடையாளம் இல்லை.

இதைக் கேட்கத்தானே மூன்று பஸ் மாறி வந்தார்? நிம்மதி வரும் என்று ஆவுடையப்பன் காத்திருந்தார். வரவில்லை. நோட்டை மூடினார். பையைத் திறந்து, மடித்து மடித்துக் கோடு விழுந்திருந்த பேப்பர் துண்டை எடுத்தார். வள்ளத்தின் விளிம்பில் அதை விரித்து வைத்தார்.

"அன்னைக்கு வாசிச்சது நான்தாம்மா. அமைதின்னு சொன்னது நான். அதைக் கேட்டுத்தானே அவரு அங்கேயே உட்கார்ந்தாரு?"

மதலேனாள் போட்டோவைத் தொடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மொத நாள் நீங்க வாயைத் திறந்ததுமே தெரியும் சாரே. அந்தக் குரலை மறப்பேனா? அவரு கடைசியா ரேடியோல கேட்டது உங்க குரல். பெறவு ஏழு வருஷம் அஞ்சரைக்கு உட்கார்ந்து கேட்டேன். திட்டிக்கிட்டேதான் கேட்டேன், ஆனா ஒரு நாள் விட்டதில்ல. நீங்க வேலையை விட்டு நின்ன அன்னைக்கு வேற யாரோ ஒரு பிள்ளை வாசிச்சுது. அன்னைக்குத்தான் அவரு நெசமாவே போயிட்டாருன்னு இருந்துச்சு. அணைச்சு வச்சவதான், இன்னும் திறக்கல."

ஆவுடையப்பனுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவும் தோன்றவில்லை.

"அப்போ என்னாலதான்."

அவள் வள்ளத்தில் சாய்ந்து நின்றாள். கடலைப் பார்க்கவில்லை. கீழே, தண்ணீர் ஓரத்தில் ஓர் இடத்தைப் பார்த்தாள்.

"நானும் பக்கத்துலதான் இருந்தேன். நீங்க முடிச்சதும் அவரு ரேடியோவை அணைச்சாரு. வலையைச் சுருட்டிக்கிட்டு எழுந்தாச்சு. கூடவே வீட்டுக்கு வர்றதுக்கு." கனைத்துக்கொண்டாள். "இன்னும் ரெண்டு கண்ணிதானே கெடக்கு, இருட்டுறதுக்குள்ள முடிச்சிட்டு வந்தா என்னன்னு கேட்டேன். கொஞ்சம் எரிச்சலாத்தான் கேட்டேன். அவரு மறுபடி உட்கார்ந்தாரு. நான் நடந்து வந்துட்டேன்."

ஆவுடையப்பனும் அந்த இடத்தைப் பார்த்தார்.

"இதை யாருகிட்டயும் சொன்னதில்ல. பாவமன்னிப்பு கேக்குறப்போ சாமியார்கிட்டகூடச் சொல்லல. நீங்க கேக்குறதுக்கு என்னைத் தேடி வந்தீங்க. நான் யாரைத் தேடிப் போவேன்?" முதல் நாளுக்கு அப்புறம் இப்போதுதான் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். "சொல்லுங்க சாரே. அவரை உட்கார வச்சது உங்க குரலா, என் குரலா?"

அவர் யோசிக்கவே இல்லை. வார்த்தை தானாக வந்தது. ஐந்தரை மணிக்கு இறங்குகிற மாதிரியே குரல் தானாக இறங்கியது.

"நீங்க என்னம்மா செய்வீங்க? கடல் அமைதியாத்தானே இருந்துச்சு."

சொன்னது தன் காதிலும் விழுந்ததும், ஆவுடையப்பன் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.