வழிந்த தொட்டியும் மஞ்சள் கூடையும்

முன்னொரு காலத்திலே கல்மேட்டுப்பட்டணத்தை மகரபூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் எது நிரம்பினாலும் அவருக்குப் போதாது, வழிய வேண்டும். இலையில் பாயசம் வழிய வேண்டும், அவையில் புகழ்ச்சி வழிய வேண்டும், கோட்டை மேட்டிலிருந்த தண்ணீர்த் தொட்டியும் பகல் முழுக்க வழிய வேண்டும். உப்பரிகையில் நின்று அதைப் பார்த்தால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும்.

ஆற்றிலிருந்து அந்தத் தொட்டிக்கு நாற்பது ஜோடி மாடுகள் கவலை என்னும் தோல்பை ஏற்றத்தை இழுத்துத் தண்ணீர் ஏற்றின. தெருக்களுக்குத் திறந்துவிடுவதோ காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. ஊரின் அழுக்குத் தண்ணீர் பள்ளத்தில் ஒரு குழியில் சேரும். அதை இறைத்து மதிலுக்கு வெளியே தோப்புக்கு அனுப்ப இன்னொரு இருபது ஜோடி.

இதற்கெல்லாம் அதிகாரி வீரசிகாமணி. எத்தனை மாடு வேலை செய்கிறதோ அத்தனை பெரிய அதிகாரி தான் என்பது அவர் எண்ணம். ஒருநாள் அவர் அவையில் வந்து நின்றார்.

"மகாராஜா! அழுக்குக் குழி நிரம்பித் தெருவுக்கு வருகிறது. தங்கள் ஆட்சியில் குடிமக்கள் அவ்வளவு செழிப்பாகக் குளிக்கிறார்கள்! இன்னும் முப்பது ஜோடி மாடு வேண்டும்."

ராஜா பூரித்துப்போனார். "உழவர்களிடம் பிடித்துக்கொள்ளும்!"

மழை பெய்து மண் பதமாக இருந்த நேரம் அது. முதலில் பிடிபட்டது வெள்ளச்சி என்ற உழவுக்காரியின் ஜோடி. அந்த இரண்டு மாடும் இல்லாவிட்டால் அவள் காடு தரிசுதான், வருஷம் முழுக்க அடுப்பில் பூனைதான் தூங்கும். மாடுகள் வேறு யாருக்கும் அடங்காததால் அவளையே குழிக்கு ஓட்டச் சொன்னார்கள். ஓட்டினாள். இரண்டாம் நாள் உச்சிப்பொழுதில் குழியை எட்டிப் பார்த்தவளுக்குச் சாக்கடையில் தன் முகம் பளிச்சென்று தெரிந்தது. நேராக அவைக்கு நடந்தாள்.

"மகாராசா, என்ற மாட்டைக் குடுத்துப்போடுங்க. உங்க குழிக்கு அதுக தேவையில்லீங்க."

வீரசிகாமணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏர் பிடிக்கிறவள் எனக்கு நீர்வேலை சொல்லித்தருகிறாளா? மகாராஜா, தொட்டியில் ஏறும் ஒவ்வொரு சொட்டும் குடிமக்களுக்குப் பயன்பட்ட பிறகுதான் குழிக்கு வருகிறது!"

"அப்படீங்களா? தெருமடையெல்லாம் இப்ப அடைச்சுத்தான் கிடக்குது. தொட்டியில ஒரு கூடை மஞ்சப்பொடி கொட்டச் சொல்லுங்க. மடை திறக்கறதுக்கு முந்தியே குழி மஞ்சளாயிட்டா, பிடிச்ச மாடெல்லாம் ஊட்டுக்குப் போகோணுங்க. ஆகலீன்னா என்ற ஜோடி உங்களுக்கே."

பந்தயம் என்றால் ராஜாவுக்குப் பசி மறந்துவிடும். மஞ்சளைக் கொட்டச் சொல்லிவிட்டுப் பரிவாரத்தோடு குழிக்கரைக்குப் போனார். வெற்றிலை போட்டு முதல் எச்சில் துப்புவதற்குள் குழி மஞ்சள் குளித்து நின்றது.

"வீரசிகாமணி! மடையே திறக்கவில்லை. அதற்குள் என் குடிமக்கள் எப்படிக் குடித்துக் குளித்து முடித்தார்கள்?"

"மகாராஜா... தங்கள் குடிமக்கள் சுறுசுறுப்பானவர்கள்..."

வெள்ளச்சி குறுக்கிட்டாள். "தொட்டியில வழியற தண்ணி நேரா இந்தக் குழிக்குத்தானுங்க இறங்குது. மேல நாப்பது ஜோடி நாக்குத் தள்ள ஏத்துது, கீழ இருபது ஜோடி அதையே அள்ளி வெளிய கொட்டுது. ஒருத்தரு நாக்கும் நனையலீங்க."

வழியச் சொன்னது யார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அதனால் எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். ராஜா மெல்லக் கேட்டார்: "அப்படியானால் நான் எதைப் பார்த்துச் சாப்பிடுவது?"

"தொட்டியில ஒரு சுரைக்குடுக்கைய மிதக்க விடுங்க. அதுல ஒரு குச்சி நட்டு, சாயாம சுவத்துல வளையம் அடிச்சுக் கோத்து, நுனியில உங்க கொடியக் கட்டுங்க. தொட்டி ரொம்பினா கொடி சுவத்துக்கு மேல எந்திரிக்கும், மாட்டை அவுத்து உடலாம். கொடி எறங்கினா மறுபடி பூட்டலாம்."

"என் கொடியா? ஊரே பார்க்குமா?"

"ஊரே பாக்குமுங்க."

ராஜாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அன்று மாலையே பிடித்த மாடெல்லாம் உழவர்களிடம் திரும்பின. வெள்ளச்சி தன் ஜோடியோடும், ராஜா பரிசளித்த இன்னொரு ஜோடியோடும் வீடு போய்ச் சேர்ந்தாள், மறுநாள் விடியலில் உழவும் ஓட்டினாள். பத்து நாளில் தொட்டிக்குப் பதினெட்டு ஜோடி போதுமாயிற்று, குழிக்கு நாலு. 'வழியாமல் நிரப்பும் வித்தை கண்ட மகரபூபதி' என்று ராஜா தொட்டிச் சுவரில் கல்வெட்டு வைத்துக்கொண்டார்.

வீரசிகாமணிக்குக் கொடியைப் பார்த்து மாடு அவிழ்க்கும் வேலை கிடைத்தது. அவையில் காலியான அவருடைய ஆசனத்தில் ஒரு சுரைக்குடுக்கையை வைக்கச் சொன்னார் ராஜா. சபையோர் வழக்கம்போல அதற்கும் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் வருஷம் ஒன்றாகியும் அந்தப் புதிய அதிகாரி இன்னும் நாலு மாடு வேண்டும் என்று கேட்கவே இல்லை.