காத்தை முந்தின தாய்மாமன்

நான் சொல்லப்போறதுல பாதி எங்க அத்தான் சொன்னது. அதனால அந்தப் பாதிய நம்ப வேண்டாம். மிச்சம் நான் கண்ணால பாத்தது. அதையும் நீங்க நம்பமாட்டிய, அது வேற விஷயம்.

அத்தான் பேரு தங்கப்பழம். பணகுடியில அரிசிக்கடை. எங்க அக்கா செல்வக்கனியோட வீட்டுக்காரரு. நாப்பத்தெட்டு வயசு வரைக்கும் சைக்கிளைத் தொட்டதே கிடையாது. சுகர் கூடிப்போச்சுன்னு டாக்டர் மிதிக்கச் சொன்னாரு. கொஞ்ச நாளு அத்தான் தெப்பக்குளத்தைச் சுத்திச் சுத்திப் பழகினாவ. விழுந்தாவ, எந்திரிச்சாவ. பொறவு நாரோயிலுக்கு, அதான் நாகர்கோயிலுக்குப் போயி கியர் வச்ச சைக்கிள் ஒண்ணை வாங்கி, அங்கேருந்து வீடு வரைக்கும் மிதிச்சே வந்து எறங்கினாவ. அன்னைக்குப் புடிச்சுது எங்களுக்குச் சனி.

அது ஆனி மாசம். ஆனியில எங்க பக்கத்துக் காத்து எப்பிடின்னு தெரியாதவங்களுக்குச் சொல்லுதேன். ஆரல்வாய்மொழி கணவாய் வழியா மேக்கேருந்து அது கெளம்பிச்சுன்னா, கொடியில காயப்போட்ட வேட்டி அடுத்த ஊர்லதான் போய்க் காயும். அந்தக் காத்து அத்தானை முதுகுல கைய வச்சுத் தள்ளிட்டு வந்து பணகுடியில விட்டிருக்கு. அவ்வோ, எல்லாம் தன்னோட காலுன்னு நெனச்சுக்கிட்டாவ. ‘முக்கா மணி நேரம்! இனிமே நாரோயில்னா எனக்கு முக்கா மணி நேரம்!’னு ஊரெல்லாம் சொல்லியாச்சு. போறப்போ அதே காத்து மூஞ்சியில அடிக்குமேன்னு சொன்னா, ‘காத்து என்னைப் பாத்தா ஒதுங்கும் மாப்ள’ங்காவ.

இந்த நேரம் பாத்து, அத்தானோட தங்கச்சி பாக்கியத்தாய் மகளுக்கு நாரோயில் ரோட்டுல இருக்க தோவாளையில கல்யாணம். தாய்மாமன் இவ்வோ ஒருத்தருதான். மாமன் மாலை கழுத்துல விழாம பொண்ணு மணவறைக்கு வரப்படாது, எங்க வழக்கம் அது. முந்தின நாளே போய் நிக்கவேண்டிய ஆளு. ‘சைக்கிள்ல காலையில வாரேன், நேரம் கெடக்கு’ன்னு போன்ல சொல்லிட்டாவ. அக்காவுக்கு வந்த ஆத்திரத்துல ராத்திரி குழம்புல உப்பே போடல.

விடிஞ்சதும் நானும் அக்காவும் பட்டுச்சேலை, மாலை, தேங்காபழத் தட்டு எல்லாத்தையும் தூக்கிட்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்தோம். அத்தான் பட்டுவேட்டிய மடிச்சுக் கட்டி, சைக்கிளை ஒரு கையில புடிச்சிக்கிட்டு கூடவே வந்தாவ. மொத பஸ் வந்துச்சு.

“ஏங்க, சைக்கிளை வீட்டுல போட்டுட்டு இதுல ஏறிருங்க. புள்ள காத்துக்கிட்டு இருப்பா”ன்னு அக்கா கெஞ்சினா.

“போகட்டும் விடு. இந்த பஸ்ஸை நான் காவல்கிணறுல முந்திருவேன். அன்னைக்கு வரும்போது இதே பஸ்ஸைத்தான முந்துனேன்? கண்டக்டர் சன்னல்ல தலைய நீட்டி, ‘அண்ணாச்சி, கொஞ்சம் மெள்ளப் போங்க. பஸ்ஸுல இருக்கவிய எல்லாம் டிக்கெட் காசைத் திருப்பிக் குடு, நாங்க அந்த சைக்கிள்ல ஏறிக்கிடுதோம்ங்காவ’ன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு.”

அவ்வோ வராம நாங்க எப்பிடிப் போக? பஸ் போயிருச்சு.

பக்கத்துல கூடையோட இருந்த கொய்யாப்பழக்காரி இசக்கியம்மா வாயைப் பொத்திக்கிட்டுக் கேட்டா, “அண்ணாச்சி, பஸ்ஸை மட்டுந்தானா முந்துனிய?”

கேக்கலாமா அப்பிடி? அத்தானுக்குச் சாவி குடுத்த மாதிரி ஆயிருச்சு.

“ரயிலையும்தான்! வழியில ரயில்வே கேட்டு இருக்குல்லா? எப்பவும் ரயிலு வந்தா கேட்டைப் போட்டு ஆளை நிறுத்துவாவ. அன்னைக்கு நான் வாரதைத் தூரத்துலயே பாத்துட்டு, கேட்டைத் தொறந்து வச்சுக்கிட்டு ரயிலை நிறுத்திப்போட்டாவ. எஞ்சின் டிரைவர் எறங்கி வந்து, யாரு பெரிய அதிகாரி போறாருன்னு கேட்டிருக்காரு. அரிசிக்கடை தங்கப்பழம்னு சொன்னதும், ‘அப்பிடியா, சரி சரி’ன்னு போய் ஏறிக்கிட்டாரு.”

“அந்த ரயிலுலதான் எம்மவ வந்தா. சும்மா கெடந்த காட்டுல ஏன் நிக்குதுன்னு கேட்டாளே, இப்பத்தான் புரியுது”ன்னா இசக்கியம்மா. நான் சிரிச்சுட்டேன். அக்கா சிரிக்கல. ரெண்டாவது பஸ் வந்துச்சு, அத்தான் கைய ஆட்டி அதையும் அனுப்பிட்டாவ.

“அத்தான், காத்தைப் பாருங்க. அந்தா வேப்பமரம் தலைய விரிச்சு ஆடுது. அது முழுக்க உங்களுக்கு எதிர்க்காத்து”ன்னு சொன்னேன்.

“எல மாப்ள, காத்தைப் பத்தி எங்கிட்டயா சொல்லுத? அந்த முப்பந்தல்ல கரண்டு எடுக்குத காத்தாடி எல்லாம் அன்னைக்குச் சும்மா நின்னுக்கிட்டு இருந்துச்சு, ஒரு சொட்டுக் காத்து கெடையாது. நான் பக்கத்துல போனேன் பாரு, போன வேகத்துல அம்புட்டுக் காத்தாடியும் கிறுகிறுன்னு சுத்த ஆரம்பிச்சுட்டு. கரண்டு ஆபீஸ்லேருந்து ஒரு என்ஜினீயர் ஓடி வந்தாரு. ‘அண்ணாச்சி, உங்களால கரண்டு ரொம்ப வருது, மதுரை வரைக்கும் பல்பு தெறிக்குது, தயவு செஞ்சு கியரைக் குறைங்க’ன்னாரு. பாவம், புள்ளகுட்டிக்காரரு. அவருக்காகத்தான் குறைச்சேன். இல்லேன்னா அரை மணி நேரத்துல வந்திருப்பேன்.”

“என்ஜினீயரு ஓடி வந்தாரா? உங்க சைக்கிள் கூடவா?” இசக்கியம்மா விடல.

“ஜீப்புல வந்தாரு. ஜீப்பு கூட ஓட முடியாம பாதியில நின்னுபோச்சு. மிச்சத்தைக் கத்திச் சொன்னாரு.”

அக்கா போனை எடுத்துப் பாத்தா. பாக்கியத்தாய் மூணு தடவை கூப்புட்டிருக்கா. நாலாவது தடவை அக்கா எடுத்தா. அந்தப் பக்கம் அழுகுற சத்தம் எனக்கே கேட்டுச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரவிய வந்து எறங்கிட்டாவளாம், தாய்மாமன் எங்கன்னு கேட்டாச்சாம். “இந்தா வந்துட்டோம்”னு சொல்லி அக்கா போனை வச்சா.

“அழச் சொல்லாத. இன்னும் நேரம் இருக்கு”ன்னாவ அத்தான். “அன்னைக்கு வீட்டுக்கு வந்து காபி குடிச்சு முடிச்சுட்டேன், அதுக்கப்புறந்தான் என் நெழலு வந்து சேந்துச்சு. தெரியுமா? காவல்கிணறுலயே பின்தங்கிப் போச்சு போல. மூச்சு வாங்க வாசல்ல நின்னுச்சு, பாக்கவே பரிதாபமா இருந்துச்சு.”

“அதுக்கும் காபி குடுத்தியளா?”ன்னு கேட்டா இசக்கியம்மா.

“குடுத்தேன். சீனி போடாம. அதுக்கும் சுகர் இருக்கும்லா.”

அந்த நேரம் மூணாவது பஸ் வந்துச்சு. இதை விட்டா முகூர்த்தத்துக்குள்ள போற பஸ் கெடையாது. அக்கா மாலை, சேலை, தட்டு எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு ஏறிட்டா. நானும் ஏறினேன். அத்தான் சைக்கிள்ல காலைத் தூக்கிப் போட்டு, “அங்க மண்டப வாசல்ல நின்னு உங்களை வரவேற்பேன்”னு சத்தம் போட்டாவ.

பின்னாடி கண்ணாடி வழியா பாத்தேன். சொன்னா நம்பணும், அத்தான் எந்திரிச்சு நின்னு மிதிக்காவ, சைக்கிள் நின்ன எடத்துலயே நிக்குது. பட்டுவேட்டி பின்னால கப்பல் பாய் விரிச்ச மாதிரி எழும்பி நிக்குது. கொய்யாக்கூடையத் தலையில வச்சுக்கிட்டு நடந்து வந்த இசக்கியம்மா அவ்வோளைத் தாண்டிப் போயிட்டா. போனவ திரும்பி நின்னு ஏதோ கேட்டா. பதில் சொல்ல அத்தான் வாயைத் தொறந்தாவ, காத்து உள்ள போயிருச்சு, வாய் மூடல.

மண்டபத்துல எறங்கினோம். பாக்கியத்தாய் ஓடி வந்து அக்கா பின்னால பாத்தா, என் பின்னால பாத்தா. “அண்ணன் எங்க மயினி?”ன்னு அக்கா காதுக்குள்ள கேட்டா. அவ மொகத்தைப் பாக்க எனக்குத் தாங்கல. பொண்ணு ரூம்புல சோடிச்சு உக்காந்திருக்கா. ஐயர் அவசரப்படுத்துதாரு. மாப்பிள்ளையோட பெரியப்பா தொண்டையக் கனைச்சுக்கிட்டு, “தாய்மாமன் வரலேன்னா என்ன, எங்க பக்கத்து ஆளு ஒருத்தரு மாலையைப் போடட்டுமே”ன்னாரு. அந்தப் பேச்சுல ஒரு இளக்காரம் இருந்துச்சு. பொறந்த வீட்டுல ஆளே இல்லாதவ மகளுன்னு காலம் பூரா சொல்லிக்காட்டுத இளக்காரம்.

அக்கா மாலையும் சேலையும் இருந்த பையத் தூக்கிட்டு நேரா பொண்ணு ரூம்புக்குள்ள போனா. கதவைச் சாத்தினா. கொஞ்ச நேரத்துல கதவு தொறந்துச்சு. பொண்ணு கழுத்துல மாலை, தோள்ல மாமன் சேலை.

“யாரு போட்டா?”ன்னாரு பெரியப்பா.

“யாரு போடுவா? தாய்மாமன்தான்”னா அக்கா. கண்ணு கூடச் சிமிட்டல. “விடியக்காலமே சைக்கிள்ல வந்து, பின்வாசல் வழியா உள்ள வந்து, மாலைய மருமகளுக்குப் போட்டுட்டாவ. ஆரல்வாய்மொழியில இன்னொரு முகூர்த்தம், அங்கயும் இவ்வோதான் முன்ன நின்னு நடத்தணும், அதான் நிக்க முடியல. வாடிரக்கூடாதுன்னு அதைக் கழட்டி வச்சிருந்தோம், இப்பத்தான் நேரம் பாத்து மறுபடி போட்டுவிட்டோம்.”

“நாங்க ஒருத்தரும் பாக்கலியே?”

“எங்க வீட்டுக்காரரு சைக்கிள் மிதிச்சா யாருக்குத்தான் கண்ணுல படும்?”

கூடியிருந்தவிய எல்லாம் ஆச்சரியமா தலைய ஆட்டினாவ. பெரியப்பா கூட, “பெரிய ஆளுதான்”னாரு. பாக்கியத்தாய் கண்ணைத் தொடச்சுக்கிட்டு, “எங்கண்ணன் அப்பிடித்தான், எங்கயும் நிக்கமாட்டாவ”ன்னு ஒத்து ஊதினா. மேளம் கொட்டிருச்சு.

மூணாம் பந்தி நடக்கும்போது, சமையல்கட்டுக்குப் பின்னால ஏதோ உருட்டுற சத்தம். நானும் அக்காவும் போய்ப் பாத்தோம். அத்தான். சைக்கிளை உருட்டிக்கிட்டு நிக்காவ. மயிரெல்லாம் பின்னால படிஞ்சிருக்கு, கண்ணு ரெண்டுலயும் மண்ணு, ஒரு செருப்பைக் காணோம். எனக்கே பாவமா போச்சு.

“தாலி கட்டியாச்சா?”ன்னு மெள்ளக் கேட்டாவ.

“ஆச்சு.”

“மாலை?”

“போட்டாச்சு.”

அவ்வோ கொஞ்ச நேரம் தரையப் பாத்தாவ. பொறவு சாம்பார் வாசம் மூக்குல ஏறினதும் ஆளு நிமிந்துட்டாவ. “வழியில என்ன ஆச்சு தெரியுமா செல்வக்கனி? மலை ஒண்ணு ரோட்டுல குறுக்க வந்து நின்னு...”

“சத்தத்தைக் கொறைங்க”ன்னா அக்கா. “நீங்க விடியக்காலமே வந்து மாலை போட்டுட்டுப் போயாச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரவிய எல்லாம் உங்களைத்தான் புகழுதாவ. இப்ப உள்ள வந்து பந்தியில உக்காந்தா நம்ம புள்ளையோட மானம் போயிரும்.”

“அப்பிடின்னா நான்... சாப்பாடு?”

“வீட்டுல பழைய சோறு இருக்கு. நேத்து வச்ச குழம்பும் இருக்கு, உப்பு போட்டுக்கிடுங்க.”