மந்திரியார் படிக்க வந்த இலை

குமிழங்கோட்டையைச் செண்பகராஜா ஆண்டுகொண்டிருந்த காலம். அவர் சபையில் சங்கநாதர் என்று ஒரு மந்திரி. தன் மச்சானைத் தளபதியாக்கிப் பார்க்கவேண்டும் என்று அவருக்குத் தீராத ஆசை. ஆனால் அந்த இடத்தில் மாடப்பன் மலைமாதிரி இருந்தார்.

ஒருநாள் மந்திரி ராஜாவின் காதைக் கடித்தார். "அரசே, தளபதி வீட்டுக் கொல்லைப்பக்கமாக வைத்தியர் போய்வருகிறார். நோயாளி கையில் படையைக் கொடுத்துவிட்டு நாம் நிம்மதியாக இருக்கலாமா?"

ராஜா வைத்தியர் உலகுடையாரைக் கூப்பிட்டு, தளபதிக்கு என்ன நோய் என்று கேட்டார்.

"நாடி பிடித்தவன் வாய் திறக்கக்கூடாது, அரசே." தலை குனிந்தபடியே மறுத்துவிட்டார்.

"அவர் சொல்லவே வேண்டாம். இலை சொல்லும்," என்றார் மந்திரி. "நாளைக்கு ஒரு விருந்து வையுங்கள். பத்தியக்காரன் எதைத் தொடாமல் விடுகிறானோ, அதை வைத்தே நோயைச் சபையறியப் படித்துவிடுகிறேன்."

"சரி. நோய் தெரிந்த கையோடு தளபதி வாள் உம் மச்சானுக்கு," என்றார் ராஜா.

சேதி காதுக்கு எட்டியதும் மாடப்பன் நேரே பொன்னாண்டியிடம் போனார். பொன்னாண்டி அந்தச் சபையின் விகடகவி, வாயால் பிழைக்கிறவன்.

"தின்றால் உடம்பு போகும், விட்டால் பதவி போகும். என்னப்பா செய்ய?"

"நீங்கள் பத்தியத்தைப் பாருங்கள் அண்ணே. மந்திரியை நான் பார்த்துக்கொள்கிறேன்."

விருந்து முடிந்தது. யாரும் எழக்கூடாது என்று உத்தரவு. மந்திரி மட்டும் எழுந்தார். அவர் இலை கழுவி வைத்ததுபோல் இருந்தது.

"கத்தரிக்காயை விட்டவனுக்குச் சிரங்கு. புளிக்குழம்பை விட்டவனுக்கு வாதம். மோரை விட்டவனுக்கு இளைப்பு," என்று சொல்லிக்கொண்டே தளபதியை நோக்கி நடந்தார்.

"மந்திரியாரே, பந்தி முறை என்று ஒன்று இருக்கிறதே," என்றான் பொன்னாண்டி. "அரசர் இலை முதலில் இருக்க, நடு இலைக்குத் தாவலாமா? அவர் இலைக்கு அவ்வளவுதான் மரியாதையா?"

சபை முழுவதும் ராஜாவின் இலையைப் பார்த்தது. ராஜாவும் பார்த்தார். எண்ணெய்க் கத்தரிக்காய் வைத்தது வைத்தபடி மினுங்கிக்கொண்டிருந்தது.

ராஜாவுக்கு முதுகில் எங்கோ அரித்தது. சொறியவில்லை. சட்டென்று இலையை மடித்தார்.

"சாப்பிட்டதும் நம் முன்னோர் இலையை ஏன் மடித்தார்கள் என்று இன்றைக்குத்தான் புரிகிறது," என்றான் பொன்னாண்டி.

அடுத்த நொடி பந்தி முழுக்க இலை மடிக்கும் சத்தம். தளபதியின் இலையும் மடிந்தது. அதில் என்ன மிச்சமிருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

ராஜா தொண்டையைச் செருமினார். "வைத்தியரே, ஒன்றே ஒன்று. தளபதியால் படை நடத்த முடியுமா?"

"முடியும், அரசே."

"அது போதும் எனக்கு. வாள் அவரிடமே இருக்கட்டும்."

மந்திரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பேச்சு வரவில்லை, ஏப்பம் வந்தது. முகமெல்லாம் வியர்வை. தன் இலையில் எதுவும் மிஞ்சக்கூடாது என்று, தனக்கு ஆகாததையெல்லாம் அள்ளிப் போட்டிருந்தார் மனுஷன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தூணில் சாய்ந்தார்.

வைத்தியர் ஓடிப்போய் நாடி பிடித்தார். சபையே காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்தது.

"மந்திரியாருக்கு என்ன வைத்தியரே? சபையறியச் சொல்லுங்கள்," என்றான் பொன்னாண்டி.

மந்திரி வைத்தியரின் மேல்துண்டைப் பிடித்து இழுத்தார். "ஐயா... காதோடு சொல்லுங்கள்."

ராஜா சிரித்த சிரிப்பில் அவர் கழுத்து முத்துமாலை பொன்னாண்டி கழுத்துக்கு மாறியது. வைத்தியர் குனிந்து ஏதோ சொன்னார். பக்கத்திலிருந்த தூணுக்குக்கூடக் கேட்கவில்லை.